என்னிடம் சொல்லாமல் நூருலிடம் சொன்னவள்

நோயாளியின் மேல் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வரும். கூட வேலை செய்கிறவள் மேல் வரும், என்னை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போகிற நோயாளியின் மேலும் வரும். முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக, ஜனங்கள் வாயில் மிஸ்ஸியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தியை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நல்லதையெல்லாம் என் ஓய்வு விருந்திலேயே மைக்கைப் பிடித்துப் பேசித் தீர்த்துவிட்டார்கள், எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அங்கே யாரும் பேசாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

நான் கடைசியாக வேலை செய்த கிளினிக் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகிற பக்கம் இருக்கிறது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறிய பிறகு, தோட்டத்து ஜனங்கள் அங்கே மலிவு வீடுகளில் வந்து சேர்ந்தார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். வந்து நிற்கிற தமிழர்களில் பாதிப் பேருக்கு நான் ஏதாவது ஒரு உறவுமுறை. ஒருவருக்கு அக்கா, ஒருவருக்குச் சின்னம்மா. "சரோஜா மிஸ்ஸி இருக்காங்களா? இல்லன்னா நாளைக்கு வாரோம்லா" என்று கவுன்டரில் கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். டாக்டர் வருவார், மாறிப் போவார். நான்தான் அந்த கிளினிக் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தப் பிள்ளையை தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மாணிக்கம் லோரி ஓட்டுகிறவன், தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த லயம், என்னை அக்கா என்பான். அம்மா லெட்சுமிக்குக் கையுறை செய்கிற கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஷிப்ட் வேலை. மாணிக்கத்துக்கு நான் அக்கா என்பதால் அந்தப் பிள்ளைக்கு நான் அத்தை.

லெட்சுமி ஒரு நாள் காலையில் அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முடி காதுக்கு மேலே கன்னாபின்னாவென்று வெட்டப்பட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"எந்நேரமும் படுக்கைதான் மிஸ்ஸி. ஸ்கூல் விட்டு வந்தா படுக்கறா, ராத்திரி சோறு திங்க எழுப்பணும். கேட்டா பெனாட், பெனாட்டுங்கறா, களைப்பாம். என்ன வேல செஞ்சா பெனாட் ஆவறதுக்கு? இந்த வயசுல நான் எங்கம்மாகூட விடியக்கால எந்திரிச்சு பால்மரம் வெட்டப் போனேன். அப்புறம் ஸ்கூலு, அப்புறம் தண்ணி தூக்கறது. நான் ஒரு நா பெனாட்டுன்னு சொல்லிருப்பனா? இப்ப இந்த முடியப் பாருங்க. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. கத்திரிய எடுத்து அவளே வெட்டிட்டா. விட்டேன் ஒரு அற."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? லெட்சுமியை வெளியே உட்கார வைத்துவிட்டு, பிள்ளையிடம் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பொம்பளப் புள்ள முடிய இப்படியா வெட்டுவாங்க? வயசுப் புள்ள சுறுசுறுப்பா இருக்க வேணாமா? ராவெல்லாம் போன் பாத்தா களைப்பாத்தான் இருக்கும்" என்றேன். லெட்சுமி, "நல்லா கேளுங்க மிஸ்ஸி" என்றாள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கினேன், இரும்புச் சத்து மாத்திரை கிடைத்தது, முருங்கைக்கீரை போடச் சொன்னேன். பிள்ளை "சரிங்க அத்தை" என்றது. அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தபோதும் அதே "சரிங்க அத்தை"தான். ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் குறையில்லை என்று தெரிந்த பிறகும் நான் கீரையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவை அவள் வந்தபோது நான் ஒரு வாரப் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தேன். அவளைப் பார்த்தது நூருல். லூமுட் பக்கத்து மலாய்ப் பெண், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள், எழுதுவதும் மெதுவாகத்தான். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அவளைப் பார்த்தால் கை பரபரக்கும், பிடுங்கி நானே செய்துவிடலாம் என்று.

பயிற்சி முடிந்து வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் தர்ஷினி பள்ளிச் சீருடையோடு தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "வாம்மா, உள்ள வா" என்று கூப்பிட்டேன். எழுந்தாள், ஆனால் நகரவில்லை.

"காக் நூருல் இல்லீங்களா அத்தை?"

மலாயில் அக்காவைக் காக் என்பார்கள், உங்களுக்குத் தெரியும். தோட்டத்து உறவு, சொந்த மொழி, கைக்குழந்தையாக இவளைத் தூக்கித் தடுப்பூசி போட்ட நான், அத்தை, இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன். இவளுக்கு நேற்று வந்த நூருல் வேண்டுமாம். சிரித்துக்கொண்டே, "இருக்காம்மா, மூணாவது ரூம்" என்றேன். எனக்கு அடிவயிறு எரிந்தது. அது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

அன்றைக்கு நாற்பது நிமிஷம் அந்தக் கதவு மூடியே இருந்தது. நான் மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தேன். ஒரு தடவை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னிடம் மூன்று தடவை வந்தவள் பல்லைக்கூடக் காட்டவில்லை. பிறகு நூருலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆளுக்கு நாற்பது நிமிஷமா, வெளியே பிரஷர் பார்க்க எத்தனை கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கண் தெரியவில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "மன்னிச்சிருங்க காக்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அந்தப் பிள்ளையின் ஃபைலை எடுத்துப் படித்தேன். எனக்கு அதில் வேலையில்லை, அவள் இப்போது என் நோயாளியும் இல்லை. படித்தேன்.

நூருல் பொறுமையாக எழுதியிருந்தாள். இரண்டு வருஷமாகக் களைப்பு. தூங்கி எழுந்தாலும் களைப்பு. பல் விளக்கப் போவதற்கே கட்டிலில் அரை மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தலை சீவிப் பின்னக் கை தூக்க முடியவில்லை, அதனால்தான் முடியை வெட்டிக்கொண்டாள். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், அதுதான் உண்மையோ என்று அவளுக்கும் சந்தேகமாக இருக்கிறது. சில நாள் காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றுகிறது. கடைசி வரியின் கீழே டாக்டர் கோடு போட்டு, மனச்சோர்வு என்று எழுதி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதமும் தயார் செய்திருந்தார். வயது பதினாறு, பெற்றோர் கையெழுத்து வேண்டும். அடுத்த புதன்கிழமை பெற்றோரை அழைப்பது, டாக்டரும் நூருலும் பக்கத்தில் இருக்க, முதலில் பிள்ளையே தன் வாயால் சொல்வது என்று ஏற்பாடு. அதுவரை இரண்டு நாளைக்கு ஒரு முறை நூருல் அவளிடம் பேச வேண்டும். 'அதற்கு முன்னால் வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள்' என்று தனியாக எழுதியிருந்தது.

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. புதன்கிழமை வரைக்கும் எதற்கு? மாணிக்கம் வீட்டுக்காரர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நான் இருக்கும்போது இந்தப் பெண் எதற்கு? நான் போனால் இரண்டு நிமிஷம். பாதி அக்கறை, பாதி எரிச்சல் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு முழுவதும் அக்கறைதான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா. தோட்டம் போய்விட்டது, லயங்கள் போய்விட்டன, அம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறாள். அந்த ஒரு நாள் ஈப்போ, சிலிபின் என்று எங்கெங்கோ போனவர்களெல்லாம் வந்துவிடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குவோம். அந்த வட்டத்தில் லெட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனச்சோர்வு, ஆஸ்பத்திரி, புதன்கிழமை, முடி, கண் விழிக்காத காலை, எல்லாவற்றையும்தான்.

லெட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க? எம்புள்ள மெண்டலுங்கறீங்களா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறாங்களா?"

பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரைப் பேராக்கில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எங்களுக்கு அது ஊர்ப் பெயர் இல்லை, திட்டுகிற வார்த்தை. சின்ன வயதில் யாராவது கோணலாக ஏதாவது செய்தால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏற்றிவிடுவோம் என்றுதான் கேலி செய்வோம். வட்டத்தில் நாலு தலை எங்கள் பக்கம் திரும்பியது. "இல்ல லெட்சுமி, அப்படி இல்ல, ஈப்போலதான்" என்று நான் இழுக்க, அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்த மலாய்க்காரப் பொண்ணுகிட்ட போயி எல்லாத்தையும் சொன்னாளா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சில நாளாக என் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அதத்தான் நானும் கேக்கறேன் லெட்சுமி. நாமெல்லாம் இல்லையா?" என்றேன். எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும் வரைக்கும் இருந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நூருல் கூப்பிட்டபோது பிள்ளையின் போன் அணைந்திருந்தது. புதன்கிழமை யாரும் வரவில்லை. பள்ளியில் விசாரித்தால் திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை என்றார்கள். மாணிக்கத்தைக் கூப்பிட்டால், "எங்க புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டான். கண் விழிக்கப் பிடிக்காத பிள்ளை, போன் இல்லாமல், பேச ஆளில்லாமல், கோபமாக இருக்கிற வீட்டுக்குள்ளே இருக்கிறாள்.

நூருல் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கு காக். என்னால்தான் பயந்துவிட்டாள்" என்று மலாயில் சொன்னாள். டாக்டரும் அவளிடம்தான் துருவிக்கொண்டிருந்தார், யாரிடம் சொன்னாய், என்ன சொன்னாய் என்று. நான் சும்மா இருந்தால் பழி அவள் தலையில் விழுந்திருக்கும். ஒரு நிமிஷம் அது எனக்கு இனித்தது. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

பிறகு போய்ச் சொன்னேன். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "யாருக்காகச் சொன்னீர்கள்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நூருல் என்னைப் பார்க்கவேயில்லை, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வீட்டுக்குப் போவோம் காக். எனக்கு வழி தெரியாது" என்றாள்.

போகிற வழியில் எனக்குள் கணக்கு ஓடியது. நான் பிள்ளையிடம் பேசி மன்னிப்புக் கேட்கலாம், அழலாம், கட்டிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நானே சரிசெய்யலாம். பாருங்கள், அப்போதும் புத்தி அங்கேதான் போகிறது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நான் அத்தை என்பதால்தான் அவள் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் சொல்வதும் அவள் அப்பாவிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் நான் அதை நிரூபித்தும் காட்டிவிட்டேன். அந்த உறவை வைத்துக்கொண்டு என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், பெற்றவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வது.

மாணிக்கம் கிரில் கதவைத் திறக்காமலே நின்றான். "இது வீட்டு விசயம்க்கா. நீங்க மட்டும்னா உள்ள வாங்க. அந்தப் பொண்ணு வேணாம்."

"நாந்தான் வேணாம்டா. அவதான் வேணும். அவள உம்மவகிட்ட விடு, நான் ஒங்கூட அடுப்படில உக்காந்துக்கறேன். என்னத் திட்டணுமா, திட்டு."

"நீங்க என்னக்கா பண்ணீங்க, உள்ளதத்தானே சொன்னீங்க."

"உள்ளதா? காய் நறுக்கற எடத்துல நாலு பேரு காதுபட சொல்ற விசயமாடா அது? எங்கிட்ட சொல்லாம அவகிட்ட சொல்லிட்டாளேன்னு வயித்தெரிச்சல். பொறாமைடா. அதுலதான் சொன்னேன். வேலைல இருக்கறவ செய்யக்கூடாத வேல. இதுக்கு மேல அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீயும் நானும் சேந்துதான் அழணும்."

அவனுக்குப் பின்னால் நின்ற லெட்சுமிதான் சாவியை எடுத்து வந்தாள்.

நூருல் அறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். மாணிக்கம், "ரெண்டு நாளு லோரில ஏத்திட்டுப் போனா பெனாட்டுன்னா என்னன்னு தெரியும்" என்று முணுமுணுத்தான். மெல்லிய பலகைச் சுவர். முதலில் நூருலின் குரல் மட்டும் கேட்டது. பிறகு பிள்ளையின் குரல் வந்தது. மலாயில், நிற்காமல், அழுதுகொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும், கொட்டித் தீர்த்தாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, குரல் மட்டும்தான் வந்தது.

லெட்சுமி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ பேசுவாளா மிஸ்ஸி?"

"பேசுவா போலிருக்கு."

"எங்கிட்ட ஆமா, இல்ல, அவ்ளோதான்." கண்ணைத் துடைத்தாள். "எரியுது மிஸ்ஸி."

"எனக்குந்தான்."

மாணிக்கம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். திரும்பி வந்ததும், "எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க. ரெண்டு மாசம் பாப்பேன், அவ்ளோதான்" என்றான். மனம் மாறிவிட்டான் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அதற்குப் பிறகும் மாத்திரையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஈப்போவுக்கு அழைத்துப் போக வேண்டிய நாளில் லோரி வேலை என்பான். லெட்சுமிதான் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய் வந்தாள், போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தபடியே. தர்ஷினியின் களைப்பும் ஒரு நாளில் போகவில்லை. சில வாரம் பள்ளிக்குப் போனாள், சில வாரம் படுத்துக்கொண்டாள். முடி மட்டும் கழுத்து வரை வளர்ந்தது.

நூருலிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "சரி காக்" என்றாள். எங்களுக்குள் முன்பு இருந்த மரியாதை இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் வளரவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை. டாக்டர் என்னைப் பற்றி மேலே எழுதினார், எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் தர்ஷினி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுடைய தேதி இல்லை, தானாக வந்திருந்தாள். நூருலின் குழந்தைக்குக் காய்ச்சல், அவள் லீவு. என் அறை காலியாக இருந்தது. டாக்டர் உள்ளே இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாம்மா உள்ள" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, என்னிடமும் ஒரே ஒரு தடவை சொல்லட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"நூருல் இன்னிக்கு லீவும்மா. நாளைக்குக் காலைல இருப்பா. இப்ப டாக்டரப் பாக்கறியா, இல்ல எங்கிட்ட பேசறியா, இல்ல நாளைக்கு வாரியா? எதுன்னாலும் சரி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். 'சரிங்க அத்தை' என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்ககிட்ட வேணாம் அத்தை. நாளைக்கு வாரேன்."

"இன்னிக்கு ஒரு நா பத்தரமா இருந்துக்குவியா? உண்மையச் சொல்லு. முடியலன்னா டாக்டர இப்பவே கூப்பிடறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு இருந்துக்குவேன். அம்மாகூட இருக்கேன். முடியலன்னா போன் பண்றேன்."

எரிந்ததா என்று கேட்காதீர்கள், எரிந்தது. பிறந்ததிலிருந்து என்னிடம் 'சரிங்க அத்தை' மட்டுமே சொன்ன பிள்ளை, முதல் தடவையாகத் தன் மனதில் இருந்ததை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். சொன்னது, நான் வேண்டாம் என்பதை. டாக்டர் அறைக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவளுடைய அட்டையை வாங்கி, நாளைய தேதியையும் காலை எட்டரை மணியையும் எழுதி, பக்கத்தில் நூருல் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.